பெரியவரின் தாளம் தப்பவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் உன் லெக்-டெம், அதாவது செயல்விளக்கப் பேச்சு, முடிந்து எல்லோரும் காபிக்குப் போன பிறகு, நீ அரங்கின் கடைசி வரிசைக்கு வந்து என் மேஜையருகே நின்று, "சாரி அண்ணா, வீடியோ சொதப்பிடுச்சு" என்றாய். அண்ணா என்று கூப்பிட்ட உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். 25 வருடத்துக்கு மேலாக அரங்குகளில் புரொஜெக்டரும் சவுண்டும் பார்க்கிறவன் நான். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. ஆட்டத்தோடு ஆராய்ச்சியும் செய்கிற பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதற்குள் யாரோ ஒரு பழைய ஆசான் இருக்கிறார்.

அன்று நீ காட்டியது நாற்பது விநாடி. உன் குருவின் குரு ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். தட்டுக்கழியால் பலகையைத் தட்டிச் சொல்லுக்கட்டு சொல்கிறார். எதிரே ஒரு மாணவி தட்டடவை மூன்று காலத்திலும் ஆடுகிறாள். முதல் காலம் நன்றாக ஓடியது. இரண்டாம் காலத்தில் படம் ஒருமுறை திக்கியது. மூன்றாம் காலத்தில் நான்கு இடத்தில் நின்று நின்று தாவியது. சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. கழி ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரசிகர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பெரியவருக்கு வயசாயிடுச்சு, காலப்பிரமாணம் நழுவுது பாருங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆயுள் முழுக்க லயத்தைக் காத்த ஒரு மனிதர், போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து, ஒரு லேப்டாப்பின் திணறலால் தாளம் தப்பியவர் ஆகிவிட்டார். அரங்கில் யாரும் லேப்டாப்பைக் குறை சொல்லவில்லை. திரையில் தெரிவதைத்தான் கண் நம்பும். நீ பேச்சில் சறுக்கியிருந்தால் அடுத்த வரியில் திருத்திக்கொள்வாய். அவர் எழுந்து வந்து திருத்த முடியாது.

அதில் என் பங்கும் உண்டு. நீ மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்த பென் டிரைவை வாங்கி, செருகி, அதிலிருந்தே ஓட்டிவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் போட்டு ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்க்கிறேன், பத்து நிமிடம் கொடுங்கள் என்று அமைப்பாளரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதனால்தான் உன்னிடம் அனுமதி வாங்கி அந்தக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திறந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

யாரோ அசல் வி.எச்.எஸ். கேசட்டை வி.சி.ஆரில் போட்டு டிவியில் ஓட்டி, டிவித் திரையை ஐபோனால் 4கே-யில் பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடம், கிட்டத்தட்ட 2 ஜி.பி. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் அப்படியே ஸ்லைடில் போட்டு, பவர்பாயின்ட்டுக்குள் இருக்கும் டிரிம் வசதியால் நடுவில் நாற்பது விநாடியை மட்டும் ஓடும்படி நீ வைத்திருந்தாய். பார்வைக்கு நாற்பது விநாடி. சுமப்பது பன்னிரண்டு நிமிடம். டிரிம் செய்தது வெட்டியது ஆகாது, மறைத்தது மட்டும்தான். ஃபைல் மெனுவில் 'கம்ப்ரெஸ் மீடியா' கொடுக்கும்வரை மீதிப் பதினொரு நிமிடச் சொச்சமும் உள்ளேயே கிடக்கும். நம்பிக்கை இல்லையென்றால் அந்த பி.பி.டி.எக்ஸ். கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பார். உள்ளே மீடியா என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் உன் வீடியோ முழு உடம்போடு இருப்பதைப் பார்ப்பாய்.

படம் ஏன் திக்கியது என்பது இனி உனக்குப் புரிய வேண்டும். புரியாமல் "டெக்னிகல் பிராப்ளம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது அடுத்த அரங்கிலும் வரும்.

வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். அதற்கு கீஃப்ரேம் என்று பெயர். இடையில் இருப்பவை எல்லாம் முன்னும் பின்னும் இருக்கும் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான். அதனால் கோப்பின் நடுவில் ஓர் இடத்தில் தொடங்கச் சொன்னால், கணினி நேராக அங்கே குதிக்க முடியாது. கோர்வைக்கு நடுவில் தொடங்கச் சொன்னால் நட்டுவனார் எடுப்புக்குப் போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வருவார் இல்லையா, அதைப் போல முந்தைய கீஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து குறிப்பு குறிப்பாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். கிளிப் தொடங்கும்போதே ஒரு தயக்கம் இருந்ததே, அது இதனால்தான்.

அடுத்தது பிரிக்கிற வேலை. ஐபோன்கள் 2017 முதல் எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கி வைக்கின்றன. 2013-ல் வந்த முறை அது. இடம் குறைவாக எடுக்கும், பிரிக்க அதிக உழைப்பு கேட்கும். புதிய கணினிகளில் இதற்கென்றே சிப்பில் ஓர் இடம் உண்டு. அரங்கில் இருக்கும் பழைய லேப்டாப்பில் அது இருக்கும் என்று எண்ணாதே. சில விண்டோஸ் கணினிகளில் அதைத் திறக்கத் தனியாக ஒரு துணை மென்பொருளே போட வேண்டும். இல்லையென்றால் சத்தம் வரும், படம் வராது. போதாக்குறைக்கு 4கே. ஒரு ஃப்ரேமில் 80 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். எங்கள் புரொஜெக்டர் காட்டக்கூடியது ஏறத்தாழ 20 லட்சம். மீதியை லேப்டாப் பிரித்து, வரைந்து, உடனே குறைத்துத் தூக்கிப் போடுகிறது. இத்தனையும் எதற்கு? 576 வரி உள்ள ஒரு பழைய டிவிப் படத்தைக் காட்ட.

இதெல்லாம் நேரத்துக்குள் முடிய வேண்டும். உன் கிளிப் விநாடிக்கு 30 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 33 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் பிளேயர் அந்த ஃப்ரேமைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சத்தத்தை மட்டும் கைவிடாது. காது ஒரு சிறு இடைவெளியைக்கூடப் பொறுக்காது என்பதால், பெரும்பாலான பிளேயர்கள் சத்தத்தைத்தான் கடிகாரமாக வைத்துக்கொண்டு படத்தை அதன் பின்னால் இழுக்கும். அன்று பெரியவரின் கழிச் சத்தம் துல்லியமாக இருந்தது. கால்தான் காணாமல் போனது.

எவ்வளவு காணாமல் போனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள். மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு நான்கு காலடி. ஒரு காலடிக்குக் கால் விநாடி. அசல் கேசட் நம் ஊர் டிவி முறையில் பதிவானது, அதில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஆக ஒரு காலடிக்குக் கிடைப்பது ஆறே ஃப்ரேம். பாதம் எழுவது, இறங்குவது, தரையில் பதிவது எல்லாம் அந்த ஆறுக்குள் நடந்து முடிகிறது. மூன்று ஃப்ரேம் விழுந்தால் பாதி அடி போச்சு. கம்பெனி விளம்பரப் படத்தில் மூன்று ஃப்ரேம் விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் மற்றவர்களுக்குச் சொல்லும் "ஓடினால் சரி" என்ற அளவுகோல் உனக்கு உதவாது என்கிறேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது. கிளிப்பை ஸ்லைடுக்குள் வைத்து வெட்டாதே. வெளியே வெட்டி, தனிக் கோப்பாக மறுபடி எழுதிய பிறகு உள்ளே கொண்டு வா. ஷாட்கட் என்ற இலவச மென்பொருள் போதும். டாவின்சி ரிசால்வ் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. "மறுபடி எழுதாமல் வேகமாக வெட்டித் தருகிறேன்" என்று சொல்லும் செயலிகள் வேண்டாம். அவை கீஃப்ரேம் உள்ள இடத்தில்தான் வெட்டும். உன் சொல்லுக்கட்டு "தை"யில் தொடங்க வேண்டிய இடத்தில் அதற்கு முன்னால் இருக்கும் இருமலும் சேர்ந்து வரும். கிளிப்பின் தலையில் அரை விநாடி கறுப்பு விடு. லேப்டாப் மூச்சு விட்டுக்கொள்ள அது போதும். முதல் அடி தவறிப்போகாது.

எழுதும்போது எம்.பி.4 என்ற பெட்டி, உள்ளே எச்.264 என்ற முறையில் படம், ஏ.ஏ.சி. முறையில் சத்தம். இந்த மூன்றை மனப்பாடம் செய்துகொள். எச்.264 2003-ல் வந்தது, பழசுதான். பழசு என்பதாலேயே எந்த ஊர் அரங்கில் எந்தக் கணினி இருந்தாலும் அதைத் திணறாமல் பிரிக்கும். கோப்பின் பெயர் எம்.பி.4 என்று முடிந்தால் மட்டும் போதாது, பெட்டிக்குள் எது இருக்கிறது என்பதுதான் முக்கியம். வி.எல்.சி.யில் வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோல் ஜே அழுத்தினால் உள்ளே இருப்பது என்ன, எத்தனை ஃப்ரேம் என்று எழுதிக் காட்டும். புதுக் கிளிப் உன் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதைப் பார். நான் எல்லாக் கோப்பையும் முதலில் அதில்தான் திறக்கிறேன்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது, அதுவும் இலவசம். இன்றைய கேமராவில் எடுத்த கிளிப் என்றால் 1080 அளவுக்குக் குறைத்து, ஃப்ரேம் ரேட் அருகே இருக்கும் 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடு. போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்கில் அதுதான் சத்தத்தையும் படத்தையும் மெல்ல மெல்லப் பிரித்துவிடும். 1080 அளவுக்கு விநாடிக்கு 8 முதல் 10 மெகாபிட் தாராளம். நாற்பது விநாடிக்கு 50 எம்.பி.க்கு மேல் போகாது.

பழைய கேசட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். நம் ஊர் வி.எச்.எஸ். படத்தில் விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று சொன்னேன். உண்மையில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு அரைப் படங்கள்; ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம். ஆக விநாடிக்கு 50 கணங்கள் அந்த நாடாவில் இருக்கின்றன. பழைய குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. கணினி இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் காட்டும்போதுதான் வேகமாக நகரும் கையின் ஓரம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கிறது. அதைச் சரிசெய்கிறேன் என்று பலர் ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதே. ஹேண்ட்பிரேக்கின் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் கொடுத்து, ஃப்ரேம் ரேட்டை 50 என்று வை. அரைப் படம் ஒவ்வொன்றும் தனி ஃப்ரேமாகும். ஒரு காலடிக்கு ஆறு இருந்த இடத்தில் பன்னிரண்டு கிடைக்கும். அந்தப் பன்னிரண்டும் கேமரா அன்று உண்மையிலேயே பார்த்தவை. முதல் தடவை ஒரு பழைய நாட்டடவுப் பதிவை இப்படி மாற்றி ஓட்டியபோது, குதிகால் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி எழுகிற இடம் தெரிந்தது. அதுவரை அது எனக்குத் தெரிந்ததே இல்லை.

அளவை 768-க்கு 576 என்று வை. அது பழைய டிவியின் 4:3 வடிவம். ஸ்லைடு 16:9 என்பதால் இரண்டு பக்கமும் இடம் காலியாகத்தான் இருக்கும், கறுப்பாக விட்டுவிடு. திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்தாயானால் அரைமண்டியில் இருக்கும் உடல் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். முட்டிகளுக்கு இடையே இருக்கும் அளவைப் பற்றிப் பேச வந்த நீயே அந்த அளவைக் கெடுத்தவள் ஆவாய்.

அமெரிக்காவில் பதிவான கேசட்டுகள் வேறு கணக்கு. அங்கே விநாடிக்கு 30-க்கு ஒரு நூலிழை குறைவு, வரிகளும் குறைவு. அதை நம் 25-க்கு மாற்றப் போகாதே, இருக்கிற கணக்கிலேயே வை. பிலிமில் எடுத்த படங்களில் இன்னொரு சங்கதி உண்டு. சினிமா பிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம். அதை 25 ஃப்ரேம் டிவிக்கு மாற்றும்போது பெரும்பாலும் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள், நூற்றுக்கு நான்கு பங்கு. பார்வைக்குத் தெரியாது. ஆனால் சத்தமும் சேர்ந்து வேகமாவதால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பழைய ஆவணப் படத்திலிருந்து ஒரு பதத்தை எடுத்துப் போட்டு "இவர்கள் இந்தச் சுருதியில் பாடினார்கள், இந்த வேகத்தில் ஆடினார்கள்" என்று நீ சொல்லப் போவதற்கு முன், அது எந்த வழியாக உன் கைக்கு வந்தது என்று விசாரி.

இரண்டு பாணிகளை ஒப்பிட ஒரே ஸ்லைடில் இரண்டு வீடியோவைப் பக்கம் பக்கமாக வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கவே தொடங்காது. லேப்டாப்பும் இரட்டைச் சுமை சுமக்கும். எடிட்டிங்கில் இரண்டையும் ஒரே சட்டத்தில் அடுக்கி, முதல் தட்டு ஒன்றாக விழும்படி சேர்த்து, ஒரே வீடியோவாக எழுதிக்கொள். எதன் சத்தம் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

பவர்பாயின்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987-ல் மேக் கணினிக்காக அது வந்தபோது, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் தயாரிக்கும் கருவி. அடிப்படையில் அது தாள் அடுக்குகிற மென்பொருள். வீடியோ அதற்கு விருந்தாளி. 2010 பதிப்புக்கு முன்னால் வீடியோ கோப்புக்குள் வரவே வராது, எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். ஊரிலிருந்து பி.பி.டி.யை மட்டும் கொண்டு வந்து, வீடியோவை வீட்டுக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்து மேடையில் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் பழைய பி.பி.டி. வடிவில் சேமித்தால் சிக்கல்தான். பி.பி.டி.எக்ஸாகச் சேமி. யூடியூப் இணைப்பை ஸ்லைடில் ஒட்டாதே. அரங்கின் வைஃபையை அன்றைக்கு இருநூறு பேர் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். வீடியோ இருக்கும் ஸ்லைடில் வீடியோ மட்டும் இருக்கட்டும். பறந்து வரும் எழுத்து, புரளும் பக்கம் எதுவும் அதன் முன்னும் பின்னும் வேண்டாம். அந்த ஜோடனைகளை வரையும் அதே நேரத்தில்தான் வீடியோவும் விழித்தெழ வேண்டியிருக்கிறது. வீடியோ ஓடும்போது கையிலிருக்கும் கிளிக்கரைக் கீழே வை. பேசும் பழக்கத்தில் விரல் அழுத்திவிடும், அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

தமிழ் எழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உன் ஸ்லைடில் பெரியவரின் ஊர்ப் பெயர் கட்டம் கட்டமாக வந்தது. எங்கள் கணினியில் உன் எழுத்துரு இல்லை. சேமிக்கும் அமைப்பில் எழுத்துருவையும் கோப்போடு சேர்க்கும் வசதி இருக்கிறது. அல்லது விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவிலேயே அடித்துவிடு.

கிளிப்பை யாரிடமிருந்தாவது வாட்ஸ்அப்பில் வாங்குவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல். வீடியோவாக அனுப்பினால் வழியிலேயே நசுக்கிவிடும்.

இனி அரங்குக்கு வந்த பிறகு. பென் டிரைவிலிருந்து ஓட்ட வேண்டாம், டெஸ்க்டாப்பில் இறக்கி அங்கிருந்து ஓட்டச் சொல். நான் செய்யத் தவறியது அது. உன் லேப்டாப்பையே கொண்டு வருகிறாய் என்றால் காலையில் ஒருமுறை அணைத்துப் போடு, இணையத்தைத் துண்டித்துவிடு. வீடியோவின் நடுவில் அப்டேட் இறங்கத் தொடங்கினால் உன் ஃப்ரேம்களை அது தின்னும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் வரும் அரங்குகள் உண்டு, எர்த் கோளாறு. அங்கே இருப்பவர் உடனே வந்து, "சார்ஜரைக் கழற்றுங்க மேடம், சரியாயிடும்" என்பார். ஹம் போய்விடும். படம் இழுக்கத் தொடங்கும். கழற்றாதே. "டி.ஐ. பாக்ஸ் இருக்கா அண்ணா?" என்று கேள். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் அதைப் போட்டால் ஹம்மும் போகும், சார்ஜரும் இருக்கும். நீ அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் ஆப்பரேட்டர் உன்னை வேறு மாதிரி மதிப்பார் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகியதும் விண்டோஸ் பல நேரம் சத்தத்தைப் புரொஜெக்டர் பக்கம் அனுப்பிவிடும். ஸ்பீக்கர் அடையாளத்தைத் தட்டி எந்த வழியாகப் போகிறது என்று பார். புளூடூத் ஸ்பீக்கர் எதற்கும் ஆகாது. சத்தம் பின்தங்கித்தான் வரும்.

உன் கிளிப் 25 அல்லது 50 ஃப்ரேம், எங்கள் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்றால் கணக்கு ஒத்துப்போகாது. சில ஃப்ரேம் ஒரு முறையும் சில ஃப்ரேம் இரு முறையும் திரையில் நிற்கும். லேப்டாப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் மெல்லிய விக்கல் இருந்துகொண்டே இருக்கும். டிஸ்பிளே அமைப்பின் உள்ளே ரெஃப்ரெஷ் ரேட்டை 50-க்கு மாற்ற முடிகிறதா என்று பார்க்கச் சொல். பல புரொஜெக்டர்கள் ஏற்கும். இதை யாரும் கேட்பதில்லை. ஆட்டக்காரர்களுக்கு இது மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

பிறகு ஒத்திகை. இரண்டு விநாடி ஓட்டிவிட்டு "ஓகே அண்ணா" என்று போகாதே. மூன்றாம் காலம்வரை முழுக்க ஓட்டு. கடைசி வரிசையில் போய் நின்று பார். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கும். முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம். அதை மனம் பொறுத்துக்கொள்ளும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் அடி முதலில் கண்ணுக்கும் பிறகு காதுக்கும் வருவது நமக்குப் பழக்கம்தானே. பொறுக்காதது எதிர்த் திசை. எல்.இ.டி. திரைகளும் சில புரொஜெக்டர்களும் படத்தை வாங்கி, அலசி, தாமதமாகக் காட்டும். அப்போது சத்தம் முந்திவிடும். இயற்கையில் அப்படி எதுவும் நடப்பதில்லை என்பதால் உடனே உறுத்தும். டிஜிட்டல் மிக்ஸர் உள்ள அரங்கில் அந்தச் சத்தத்தை அளந்து பின்தள்ள முடியும். சினிமாக்காரர்கள் இந்தப் பொருத்தத்துக்காகக் கிளாப் பலகை அடிக்கிறார்கள். உன் கிளிப்பில் அதைவிட நல்ல பலகை இருக்கிறது. பெரியவரின் கழி பலகையில் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் டிலே கொடுங்க" என்று ஆப்பரேட்டரிடம் சொல். கழியும் ஒலியும் ஒன்று சேரும் கணம் உன் காதுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இத்தனை செய்தும் ஸ்லைடு மக்கர் செய்யலாம். கிளிப்புகளை 01, 02 என்று எண் போட்டுத் தனி ஃபோல்டரிலும் கொண்டு வா, வி.எல்.சி.யிலிருந்து நான் நேராக ஓட்டுவேன். எந்த எண்ணை எப்போது என்று ஒரு தாளில் எழுதி ஆப்பரேட்டர் கையில் கொடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதில் எனக்குக் கோபமே உண்டு. பெரிய டிவிகளில் படத்தை 'ஸ்மூத்' ஆக்கும் ஒரு வசதி உண்டு. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் இல்லாத ஒரு ஃப்ரேமைத் தானே வரைந்து செருகும். கிரிக்கெட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அடவில் கை அலபத்மத்திலிருந்து கடகாமுகத்துக்குப் போகும்போது, நடுவில் எந்த விரல் எப்படி மடிந்தது என்பது அந்த டிவிக்குத் தெரியாது. அது ஊகித்து வரைகிறது. அரங்கில் புரொஜெக்டருக்குப் பதில் டிவி வைத்திருந்தால் அதை அணைக்கச் சொல். பழைய வீடியோவைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தருகிறோம் என்று வரும் செயலிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மங்கிய முகத்துக்குப் புது முகம், மங்கிய விரலுக்குப் புது விரல். அசல் அழகாக இருக்க வேண்டியதில்லை. கேசட்டின் கீறலும் மங்கலும் அப்படியே இருக்கட்டும், அசைவு அன்று நடந்தபடி நடக்கட்டும். சீராக ஓடுவது வேறு, வழவழப்பாக்குவது வேறு. அந்த முதலாவதற்காகத்தான் மேலே சொன்ன இத்தனை பாடும்.

உன் கோப்பை நான் எவ்வளவு மாற்றியும் ஓர் எல்லைக்கு மேல் சரியாகவில்லை. டிவியின் 50 கணத்தை ஐபோன் 30 ஆகப் பிடித்திருப்பதால் பல கணங்கள் அதில் பதிவாகவே இல்லை. திரை மினுக்கல் வேறு. பன்னிரண்டாவது நிமிடத்தில் யாரோ கதவைத் திறந்த வெளிச்சம் டிவியின் கண்ணாடியில் தெரிகிறது. பெரியவர் கழியை வைத்துவிட்டு மாணவியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொல்கிறார் என்பது அந்த அறையின் ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை.

அதனால் அசல் கேசட் வேண்டும். உன் குருவின் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று அன்று சொன்ன ஞாபகம். இந்த மழைக்கு முன் இறக்கிவிடு. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பார். வெள்ளை பூத்தாற்போல் இருந்தால் பூஞ்சை, எக்காரணம் கொண்டும் எந்த மெஷினிலும் போட்டு ஓட்டாதே. ஒரு காகித உறையில் சுற்றி எடுத்து வா, சுத்தம் செய்யும் வழி தெரிந்தவர் இருக்கிறார். பூஞ்சை இல்லையென்றால் நேராக என்னிடம் கொண்டு வா. நன்றாக ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். அதிலிருந்து வயர் போட்டு நேரே கணினிக்குள் இறக்கலாம், நடுவில் டிவியும் போனும் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு வசதி. உன் குருவும் வர முடிந்தால் அழைத்து வா. அந்தச் சிரிப்புக்கு முன்னால் பெரியவர் என்ன சொன்னார் என்பதை அவர் அடையாளம் கண்டு சொல்வார்.

அன்புடன்,
கடைசி வரிசை மேஜையிலிருந்து
உன் அண்ணன்